தூண்டில் கம்புக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

கொடியில் போட்ட ஈரத்துணி காய்கிறது. தபால் உறையில் தடவிய கோந்தும் காய்கிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே: நீர் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆனால் புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளத்துக்குக் கொத்தனார் என்ன செய்கிறார்? பாத்தி கட்டி அதில் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார். காய வேண்டிய பொருளானால் அதன் தலையில் தண்ணீர் ஊற்றுவார்களா? சிமெண்டு காய்வதில்லை. அது நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது.

காய்தல் வேறு, இறுகுதல் வேறு. இந்தச் சிறிய வேறுபாட்டைக் கவனிக்காததால் மேலகரத்தில் மூன்று தூண்டில் கம்புகள் கெட்டுப்போயின.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கும் ஊர் மேலகரம். குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இதுவே. சென்ற ஜூலை மாதம், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த நாட்களில், அவ்வூர் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் மூவர் தங்கள் கையாலேயே தூண்டில் கம்பு செய்தார்கள். கம்பில் வளையங்களை வைத்து, நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் எப்பாக்சி என்னும் பிசினைப் பூசினார்கள். சரியாக அமைந்தால் அந்தப் பூச்சு நூலுக்குக் கண்ணாடிச் சட்டை போட்டது போல் பளபளக்கும்.

ஆனால் பத்து நாள் கழித்து அவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டிய கம்புகளின் நிலை இது. முதல் கம்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கம்பில் பூச்சு ஒரு பக்கமாகத் தொங்கி, தொந்தி விழுந்திருந்தது. நுனியில் முத்து முத்தாகத் திரண்டிருந்தது. மூன்றாவது நன்றாக இறுகியிருந்தது. ஆனால் உள்ளே குமிழிகள், மேலே வெண்ணிறப் படலம். மூவரும் பயன்படுத்தியது ஒரே கடையில் வாங்கிய ஒரே சோடிப் புட்டிகள். “மருந்து சரியில்லை சார்” என்பது அவர்கள் தீர்ப்பு.

மருந்தின்மேல் குற்றமில்லை. மூன்று கம்புகளிலும் இயற்கை தன் விதிப்படியே நடந்துகொண்டது. அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நூலின் வேலை, பூச்சின் வேலை

வளையங்களைக் கம்போடு பிடித்து வைத்திருப்பது எது? பிசின்தான் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் நூல்தான் அந்த வேலையைச் செய்கிறது.

முரட்டு மாட்டைப் பிடித்து நிறுத்த முடியாதபோது, கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு முனையைக் கையில் பிடித்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். மாடு எவ்வளவு இழுத்தாலும் கை நோகாது. கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையே உள்ள உராய்வு, ஒவ்வொரு சுற்றுக்கும் பிடியைப் பல மடங்கு பெருக்குகிறது. உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் 3½ மடங்கு, 2 சுற்றில் 12 மடங்கு, 3 சுற்றில் 43 மடங்கு, 5 சுற்றில் 500 மடங்குக்கும் மேல்! இது கூட்டுத் தொடர் அல்ல, பெருக்குத் தொடர் என்பதைக் கவனியுங்கள். வளையத்தின் கால்மீது நூலை 20, 30 சுற்று இறுக்கிச் சுற்றிவிட்டால், மீனின் இழுப்புக்கு அது எளிதில் அசைந்து கொடுக்காது.

அப்படியானால் பூச்சு எதற்கு? நூல் நகராமல் இருக்க. கல்லிலும் கரையிலும் உரசித் தேயாமல் இருக்க. நீரும் வெயிலும் அதைக் கெடுக்காமல் இருக்க. பூச்சு பிளந்தால் நூல் தளரும். நூல் தளர்ந்தால், விரால் மீன் பாய்ந்து இழுக்கும் ஒரு நொடியில் வளையம் தெறித்துவிடும். ஆகவே பூச்சு வெறும் அழகுக்கு அல்ல.

அரக்கிலிருந்து எப்பாக்சி வரை

தூண்டிலுக்குப் பூச்சு என்பது பழைய வழக்கம். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ஒரு நூலும், குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887-ல் மற்றொரு நூலும் எழுதினார். அக்காலக் கம்புகளில் பட்டு நூலைச் சுற்றி, அதன்மேல் வார்னிஷ் பூசினார்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்வது ஒருவகை வார்னிஷ். அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். இந்தியாவுக்கே பெயர் பெற்றுத் தந்த பொருள் அது. அதை ஆராய்வதற்காகவே 1924-ல் ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புகளைக் கடைசல் பிடிப்பவர்கள், சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வால் எழும் வெப்பத்தில் அரக்கு இளகி, மரத்தில் வண்ணப் பூச்சாகப் படியும். இளகியது ஆறியதும் கெட்டியாகும். மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். மெழுகும் பாலித்தீன் பையும் இந்த வகையே. பாடத்தில் ‘இளகும் பிளாஸ்டிக்’ என்று படிக்கிறீர்களே, அதே குணம்.

எப்பாக்சி இதற்கு நேர் எதிர். அது ‘இறுகும் பிளாஸ்டிக்’ இனம். ஒருமுறை இறுகிவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் மீண்டும் உருகி ஓடாது. கடைசியில் கருகித்தான் போகும். வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியாதது போல.

சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலார், பல் மருத்துவத்துக்கு உதவும் பொருள் ஒன்றைத் தேடும் முயற்சியில் 1930-களில் இப்பிசினை உருவாக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் நல்ல வண்ணப்பூச்சு ஒன்றைத் தேடி இதே பொருளை அடைந்தார். 1946-ல் சீபா என்ற சுவிஸ் நிறுவனம் ‘அரால்டைட்’ என்ற பெயரில் இதை ஒட்டுப்பசையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் ஹார்டுவேர் கடையில் இரண்டு குழாய்களாகக் கிடைப்பது அதன் வழித்தோன்றலே.

கொக்கிகளும் கைகளும்

ஏன் இரண்டு குழாய்? ஒன்றில் இருப்பது பிசின். மற்றொன்றில் இருப்பது கடைக்காரர் ‘ஹார்டனர்’ என்று சொல்லும் இறுக்கி. தனித்தனியே வைத்தால் இரண்டும் மாதக்கணக்கில் திரவமாகவே இருக்கும். கலந்தவுடன் வினை தொடங்கிவிடும்.

பிசின் மூலக்கூறு ஒவ்வொன்றையும் இரு முனையிலும் கொக்கி வைத்த ஒரு குச்சியாகக் கற்பனை செய்யுங்கள். இறுக்கியில் இருப்பது அமீன் என்னும் சேர்மம். அதன் மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை ஒரு கொக்கியைத்தான் பிடிக்க முடியும். பிடித்த பிடியை விடாது. இப்படிக் கை, கொக்கி, கை, கொக்கி என்று பிணைந்துகொண்டே போனால் என்ன கிடைக்கும்? நாலாபுறமும் பின்னப்பட்ட ஒரு மாபெரும் வலை! இறுகிய பூச்சு என்பது முழுவதும் ஒரே வலை.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிசினுக்கு 2 கொக்கி. ஓர் இறுக்கிக்கு 4 கை. ஆகவே 2 பிசின் மூலக்கூறுக்கு 1 இறுக்கி மூலக்கூறு இருந்தால் ஒரு கையும் வெறுமையாக நிற்காது, ஒரு கொக்கியும் தனித்து நிற்காது. உற்பத்தியாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ‘சம அளவு கலக்கவும்’ என்றோ ‘இரண்டுக்கு ஒன்று கலக்கவும்’ என்றோ அட்டையில் அச்சிடுகிறார்கள்.

முதல் கம்பு ஏன் ஒட்டியது என்று இப்போது சொல்லிவிடலாம். “சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன் சார்” என்றார் அந்த மாணவர். கை கூடினால் வலை விரைவில் முடியாது. பிடிக்கக் கொக்கி இல்லாமல் எத்தனையோ கைகள் வெறுமையாக நிற்கும். வலை அங்கங்கே அறுபட்டுக் கிடக்கும். பத்து நாள் அல்ல, பத்து மாதம் காத்திருந்தாலும் அது இறுகாது.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் கடற்கரைகளில் ஃபைபர் படகு கட்டும் இடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே கண்ணாடி இழையின்மேல் பூசுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசின். அதில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான் வினையைத் தூண்டும் திரவம் சேர்ப்பார்கள். அதைச் சற்றுக் கூட்டினால் வேகம் கூடும். அது தூண்டுகோல் மட்டுமே. எப்பாக்சியின் இறுக்கியோ வலையில் ஒரு பாதி. அதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அளவிடுவதிலும் ஒரு பாடம் உண்டு. ஊசியில்லாத மருந்துக் குழலால் (சிரிஞ்சால்) அளக்கும்போது 0.1 மில்லிலிட்டர் பிழை நேரலாம். 1 மில்லிலிட்டர் அளந்தால் அது நூற்றுக்கு 10 பங்குப் பிழை. 3 மில்லிலிட்டர் அளந்தால் 3 பங்குக்குச் சற்று மேல். தேவை குறைவானாலும் ஒவ்வொன்றிலும் 3 மில்லிலிட்டருக்குக் குறையாமல் எடுங்கள். பிசினுக்கு ஒரு குழல், இறுக்கிக்கு வேறொரு குழல். அட்டையில் சொல்லியிருப்பது கன அளவா எடையா என்றும் பாருங்கள். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் ஒன்றல்ல. ஆகையால் கன அளவில் சமம் எடையில் சமமாகாது.

தேன் கரண்டிப் பாடம்

இரண்டாவது கம்புக்கு வருவோம். அந்த மாணவர் அளவில் தவறு செய்யவில்லை. பூசிய கம்பைச் சன்னலோரம் படுக்கை வசமாக வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ஒரு கரண்டியில் தேனை எடுத்துச் சும்மா பிடித்தால் வழிந்துவிடும். கரண்டியைப் படுக்கையாகப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தால் தேன் வழியாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். தூண்டில் பூச்சுக்கும் இதுவே உபாயம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். கலந்த எப்பாக்சியின் பாகுநிலை நீரைப் போல் 1000 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 0.5 மி.மீ. கனமாகப் பூசினால், பூச்சின் மேற்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 1.3 மி.மீ. வேகத்தில் கீழே சரியும். 8 மி.மீ. விட்டமுள்ள கம்பின் உச்சியிலிருந்து அடிப்பக்கம் வரை சுற்றளவில் 12.5 மி.மீ. தூரம். பத்தே நொடியில் மேலிருந்த பிசின் கீழே வந்து தொங்கும்! இறுக ஆகும் காலமோ பல மணி நேரம்.

நிமிடத்துக்கு 10 முறை கம்பைச் சுழற்றினால் ஒரு சுற்றுக்கு 6 நொடி. 3 நொடியில் மேல் கீழாகிவிடும். அதற்குள் பிசின் 4 மி.மீ. அளவே சரிந்திருக்கும். அடுத்த 3 நொடியில் அது வந்த வழியே திரும்பும். போவதும் வருவதும் ஒன்றையொன்று நேர் செய்துவிட, பூச்சு சீராக நிற்கிறது. பூச்சின் கனத்தைப் பாதியாக்கினால் சரியும் வேகம் நாலில் ஒன்றாகக் குறையும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒரே கனத்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் மேல் என்பதற்கு இதுவே காரணம்.

“மையவிலக்கு விசைதான் பிசினைப் பிடித்து வைக்கிறதா?” என்று உங்களில் யாராவது கேட்கலாம். இல்லை. இந்த வேகத்தில் அந்த முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் 2000-ல் ஒரு பங்குகூட இல்லை. வேகமாகச் சுழற்றினால் பிசின் தெறிக்குமே தவிர நிற்காது. ‘கீழ்’ என்பது எந்தப் பக்கம் என்று பிசின் முடிவு செய்வதற்குள் அதை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், அவ்வளவுதான். சுழலும் உருளையின்மேல் பாகுபோன்ற திரவம் எப்படி நிற்கிறது என்பதை எச். கே. மொஃபட் என்ற கணித இயற்பியலார் 1977-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். தேன் கரண்டியில் இருப்பதும் உயர்ந்த கணிதமே!

நுனியில் திரண்ட முத்துகளுக்குக் காரணம் வேறு. அது பரப்பு இழுவிசையின் வேலை. மார்கழிக் காலையில் சிலந்தி நூலில் பனிநீர் மணி மணியாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மெல்லிய இழையின்மேல் உள்ள திரவம், தன் பரப்பைக் குறைத்துக்கொள்ள மணிகளாகப் பிரிய முயலும். கம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு இந்த விளைவு அதிகம். ஆகவே நுனிப் பகுதிக்குக் குறைவாகப் பூச வேண்டும்.

குமிழிகளின் நடை

மூன்றாவது கம்பில் குமிழிகள். கலக்கும்போது காற்று புகுந்துவிட்டது. காற்று இலேசானதாயிற்றே, தானே மேலே வந்துவிடாதா? வரும், ஆனால் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. ஸ்டோக்ஸ் விதிப்படி குமிழி மேலேறும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும், திரவத்தின் பாகுநிலைக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும்.

0.1 மி.மீ. ஆரமுள்ள குமிழி நம் பிசினில் நொடிக்கு 0.024 மி.மீ. ஏறும். கிண்ணத்தில் 1 செ.மீ. ஆழம் இருந்தால் வெளியேற 7 நிமிடம். ஆரம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் 25-ல் ஒன்றாகும். அந்தப் பொடிக்குமிழிக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் வேண்டும். பிசின் திரவமாக இருப்பதோ அரை மணி நேரம். வழியிலேயே சிறைப்பட்டுவிடும்.

கலந்த பிசினைக் கிண்ணத்திலேயே வைக்காமல் ஓர் அலுமினியத் தாளில் 1 மி.மீ. கனத்தில் பரப்பிவிட்டால்? பெரிய குமிழிக்கு 40 நொடி போதும். பொடிக்குமிழியும் 20 நிமிடத்துக்குள் வெளியேறும்.

அலுமினியத் தாள் இன்னொரு நன்மையும் செய்கிறது. எப்பாக்சி இறுகுவது வெப்பம் உமிழும் வினை. குவிந்து கிடக்கும் பிசினில் வெப்பம் வெளியேற வழியில்லை. உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் வினை விரையும். வினை விரைந்தால் இன்னும் சூடு! கிண்ணம் தொட முடியாதபடி கொதித்துப் பிசின் கட்டியாகிவிடுவதும் உண்டு. பரப்பி வைத்தால் வெப்பம் சிதறிவிடும். பூசுவதற்கு அவகாசம் கூடும்.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தோராயமான விதி. சித்திரை வெயிலில் பால் விரைவில் உறைந்து தயிராகிறது. சாரல் நாளில் தாமதமாகிறது. எப்பாக்சியும் அப்படியே. சாரல் நாளில் அரை மணி அவகாசம் தரும் கலவை, கோடையில் கால் மணியில் கையை விட்டுப் போய்விடலாம்.

சாரலின் குறும்பு

வெண்படலத்துக்கு வருவோம். இது நம் ஊருக்கே உரிய சிக்கல் எனலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பகுதிக்கெல்லாம் சாரலைக் கொண்டுவருகிறது. காற்றில் ஈரம் மிகுதி.

இறுக்கியில் உள்ள அமீன், கொக்கியை மட்டும் பிடிப்பதில்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் கண்டால் அவற்றோடும் வினைபுரிந்து, ஒருவகை உப்பாக மாறிவிடும். பூச்சின் மேற்பரப்பில் மெழுகு தடவியது போல் வெண்மையாகத் தெரிவது இந்த உப்பே. இதன்மேல் அடுத்த பூச்சைப் பூசினால் அது சரியாகப் பிடிக்காது. நல்ல வேளையாக இது நீரில் கரையும். வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

அந்த மாணவர் இன்னொன்றும் செய்திருந்தார். குமிழிகளை உடைக்கக் குளிர்பான உறிஞ்சுகுழல் கொண்டு பூச்சின்மேல் ஊதியிருந்தார். நாம் விடும் மூச்சில் இருப்பவை என்ன? நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்! படலத்துக்கு வேண்டிய இரண்டையும் அவரே ஊதிக் கொடுத்துவிட்டார்.

நூலின் நிறம் எங்கே போயிற்று?

மூவருக்கும் பொதுவாக ஒரு வியப்பு காத்திருந்தது. வெள்ளை நூல் சுற்றிய இடத்தில் பிசின் பட்டதும் நூல் மறைந்து, அடியிலுள்ள கம்பு தெரிந்தது!

காகிதத்தில் எண்ணெய் பட்டால் அது ஒளியை விடுகிறதல்லவா? அதே காரணம். நூல் என்பது நுண்ணிய இழைகளின் கட்டு, இழைகளுக்கிடையே காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1. நைலானுடையது சுமார் 1.53. எல்லைதோறும் ஒளி சிதறுவதால் நூல் வெண்மையாகத் தோன்றுகிறது. எப்பாக்சியின் ஒளிவிலகல் எண்ணும் 1.5-ஐ ஒட்டியதே. அது நுண்புழை ஏற்றத்தால் இழைகளுக்குள் புகுந்து காற்றை வெளியேற்றியதும் எல்லைகள் மறைகின்றன. சிதறல் நின்றுவிடுகிறது, நூல் கண்ணாடியாகிறது. நிறம் முக்கியமானால், முதலில் ஒரு துண்டுக் குச்சியில் சுற்றிப் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

செய்முறைச் சுருக்கம்

1. பூசும் இடம் மூடிய அறையாக, தூசியின்றி, ஈரக்காற்று நேரே படாததாக இருக்கட்டும். கம்பு முன்கூட்டியே அறையில் இருக்கட்டும். குளிர்ந்த கம்பைக் கொண்டுவந்தால் அதன்மேல் ஈரம் படியும்.

2. வீட்டில் ஒட்டுவதற்கு வைத்திருக்கும் 5 நிமிடப் பசை இதற்கு ஆகாது. அது சமன்படுவதற்குள் இறுகிவிடும். கம்பு வளையும்போது வெடிக்கவும் செய்யும். தூண்டில் சாமான் கடைகளில் இதற்கென்றே விற்கும் தெளிந்த, மெல்ல இறுகும் வகையை வாங்குங்கள்.

3. சரியாக அளந்து, 3 அல்லது 4 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கிண்ணத்தின் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். கலக்காமல் ஒட்டியிருக்கும் பிசினுக்குக் கை கிடைக்காது.

4. அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்புங்கள். கம்பைச் சுழற்றிக்கொண்டே மெல்லிய தூரிகையால் பூசுங்கள். முதல் பூச்சு நூலுக்குள் ஊறும் அளவே போதும்.

5. நிமிடத்துக்குச் சுமார் 10 சுற்று ஓடும் 12 வோல்ட் பல்சக்கர மோட்டார் மின்னணுச் சாமான் கடைகளில் கிடைக்கும். பிசின் அசையாத நிலைக்கு வரும்வரை, அதாவது 4 முதல் 6 மணி நேரம், சுழலட்டும்.

6. ஒரு நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள். சோப்பு நீரால் துடைத்து, உலர்த்தி, இரண்டாவது பூச்சைப் பூசுங்கள். முழு வலிமை பெற ஒரு வாரமாவது விடுங்கள்.

இனி அந்த மூன்று கம்புகள். ஒட்டிய பூச்சைச் சுரண்டி எடுத்து, நூலையும் அவிழ்த்து, முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. தொந்தி விழுந்ததை மிக நுண்ணிய உப்புத்தாளால் நூலில் படாமல் தேய்த்துச் சமன் செய்து, ஒரு மெல்லிய பூச்சு கொடுக்கலாம். படலம் படிந்ததைக் கழுவிவிட்டு மேற்பூச்சு பூசலாம்; உள்ளே சிறைப்பட்ட குமிழிகள் அப்படியே இருக்கும். அவற்றால் அழகுதான் கெடும்.

கவனம் தேவை

இறுக்கி தோலில் படக் கூடாது. ஒருமுறை பட்டு ஒன்றும் ஆகாவிட்டாலும், பல முறை பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். அது வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் எப்பாக்சியின் அருகே போக முடியாமல் போகும். கையுறை அணியுங்கள். பட்டால் சோப்பு நீரால் கழுவுங்கள். தின்னர் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கும்போது எழும் தூசியைச் சுவாசிக்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் கறுப்பு நிறக் கம்புகள் பல கார்பன் இழையால் ஆனவை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். மேலே பூச்சு இருப்பதால் ஆபத்து நீங்கிவிடாது. மின்கம்பி செல்லும் இடத்திலும், இடி மின்னல் நேரத்திலும் அதைத் தூக்கிப் பிடிக்கவே கூடாது. குளத்து மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அனுமதி கேட்டு, பெரியவர்கள் துணையோடு செல்லுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று புட்டி மூடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கையுறையோடு, சம அளவு கலக்க வேண்டிய எப்பாக்சியை முதல் மூடியில் 1:1, இரண்டாவதில் 1:2 (இறுக்கி இரு பங்கு), மூன்றாவதில் 2:1 என்று கலந்து வையுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஒரு குண்டூசியின் முனையால் அழுத்திப் பார்த்து அட்டவணை எழுதுங்கள். எது இறுகிற்று? எது இறுகவே இல்லை? இன்னொரு நாள், ஒரே கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடியிலும் ஒன்றை அலுமினியத் தாளிலும் வைத்து, எது முதலில் கெட்டியாகிறது என்று கடிகாரம் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். காயும் பொருளானால் வெயிலில் வைத்தோ விசிறியைப் போட்டோ வேகப்படுத்தலாம். இறுகும் பொருளுக்கு, கலக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே அதன் தலைவிதி பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அளவு தவறினால் பின்னர் எதைச் சேர்த்தும் சரிசெய்ய முடியாது. ஆகவே அவசரம் வேண்டாம். முதலில் அட்டையைப் படியுங்கள். பிறகு அளவுகுழலை எடுங்கள்.